தோட்டத்துக்கு இது போதுமா?

மலையகத்தில் பிறந்து வளர்ந்த எவரும் ஆயிரம் தடவை கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: "தோட்டத்துக்கு இது போதும்." பத்தடிக்குப் பன்னிரண்டடியில் லயன் காம்பராவைக் கட்டியவர்கள் சொன்னார்கள். ஒரு வாத்தியாரையும் ஒரு கரும்பலகையையும் வைத்துப் பாடசாலை என்று பெயர் சூட்டியவர்கள் சொன்னார்கள். மருந்துப் போத்தலில் தண்ணீரை அதிகம் கலந்தவர்களும் சொன்னார்கள். இப்போது ஊவாவில் படம் பிடித்துப் பிழைப்பவர்கள் சிலரும், அவர்களுக்குச் சாமான் விற்பவர்களும் அதே வாக்கியத்தை ஸ்டூடியோ பிளாஷுக்குப் பூட்டும் பற்றரி விடயத்திலும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

அவர்களுடைய கணக்கு இதுதான். எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தடியிலோ லிப்டன் சீற்றிலோ கொழும்புச் சோடிகளுக்குத் திருமணத்துக்கு முந்திய படப்பிடிப்பு என்றால் நல்ல பற்றரி, நல்ல விளக்கு, உதவிக்கு இரண்டு பையன்கள். பசறையிலோ மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஒரு தோட்டத்தில் மஞ்சள் நீராட்டு விழா, கல்யாணம், அடையாள அட்டைப் படம் என்றால் ஒரு நீட்டு வயர். அதுவும் சரிவராவிட்டால், கிடைத்ததில் மலிவான ஒரு பற்றரி. "தோட்டத்துக்குத்தானே அண்ணே, இது போதும்."

போதாது என்பதே என் வாதம். இரக்கத்தினாலோ இனப்பற்றினாலோ இதைச் சொல்லவில்லை. ஒளியின் கணக்கும் மின்சாரத்தின் கணக்கும் அப்படித்தான் சொல்கின்றன. எல்லப் பாலத்தடியில் தேவைப்படுவதைக் காட்டிலும் உறுதியான பற்றரி லயத்து வாசலில்தான் தேவைப்படுகிறது.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். நகரத்து மண்டபமொன்றில் வெள்ளைக் கூரையும் வெள்ளைச் சுவரும் இருக்கும். பிளாஷை மேலே திருப்பி அடித்தால் கூரையே ஒரு பெரிய விளக்காகிவிடும். சிறிய பிளாஷே போதும். லயன் காம்பராவில் கூரை தகரம். விறகு அடுப்பின் புகை தலைமுறை தலைமுறையாகப் படிந்து, தகரமும் சுவரும் கருத்திருக்கும். கரியில் பட்ட ஒளி திரும்பி வராது. ஆகவே குடையோ மென்பெட்டியோ வைத்து, ஒளியை நாமே மென்மையாக்கி முகத்துக்கு அனுப்ப வேண்டும். குடை விழுங்கும் ஒளியையும் சேர்த்துப் பிளாஷ் உமிழ வேண்டும்.

வெளியே வந்தாலும் கணக்கு இலேசாகாது. தோட்டத்தில் குடும்பப் படம் என்றால் நாலு பேர் நிற்பதில்லை. பாட்டன், பாட்டி, மாமன், அத்தை, பிள்ளைகள் என்று இருபத்தைந்து பேர் நிற்பார்கள். அத்தனை பேர்மீதும் ஒளி சமமாக விழ விளக்கைத் தூர வைக்க வேண்டும். இரண்டு மீற்றரில் இருந்ததை நான்கு மீற்றருக்குத் தள்ளினால், அதே ஒளி முகத்தில் விழ நான்கு மடங்கு சக்தி வேண்டும். இதற்குமேல் ஒக்டோபர் தொடங்கித் தை வரை ஊவாவின் மழையும் மூடுபனியும். ஒருவரை வைத்து வெயிலில் எடுக்கும் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பதுளைக்கும் கொழும்புக்கும் உள்ள தூரம்.

அடுத்து மின்சாரம். "லயத்தில் கரண்ட் இருக்கிறதே, பற்றரி எதற்கு?" என்று கேட்பவர்கள் அந்தக் கரண்டைப் பார்த்ததில்லை. பல லயன்களில் மெல்லிய வயரில், ஒரு காம்பராவிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப்போட்ட இணைப்புகளே இருக்கின்றன. அவை இரண்டு மின்குமிழுக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் தாங்கும். 400 வாட்-செக்கன் பிளாஷ் ஒன்று ஒன்றரைச் செக்கனில் மறுபடி மின்னேறுவதற்கு அந்த நேரம் முழுவதும் சராசரியாக 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். தொடக்கத்தில் அதைவிடவும் அதிகம். இரண்டு பிளாஷ் வைத்தால் வோல்ட் சரியும், அல்லது லயன் முழுவதும் இருளும். மழையில் நனைந்த முற்றத்தின் குறுக்கே, பிள்ளைகள் ஓடும் இடத்தில், 230 வோல்ட் நீட்டு வயர் கிடப்பதன் ஆபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் இருந்தால்தான் இவ்வளவும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் வீதிகளும் மின்கம்பிகளும் ஒன்றாகவே அறுந்தன.

"இந்தக் காலத்தில் கைபேசி இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். விருந்துச் சாப்பாட்டைப் படம் எடுக்கக் கைபேசி போதும். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் கேட்கப்படும் படம் வேறு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்துக்கு அமைவாக, முகத்திலும் பின்னணியிலும் நிழல் விழாமல், ஒளி சமமாகப் பரவி, கண்ணில் சிவப்பு இல்லாமல், தோலின் இயல்பான நிறத்தோடு அது இருக்க வேண்டும். கறுத்த முகத்தை வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் நிறுத்தித் தானியங்கி ஒளிக்கணிப்பில் எடுத்துப் பாருங்கள். பின்னணி அழகாக வரும், முகம் இருண்டுவிடும். அதைச் சரிசெய்ய முகத்துக்கும் பின்னணிக்கும் தனித்தனி விளக்கு வேண்டும். விளக்குக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு சக்தி வேண்டும். சோர்ந்த பற்றரியில் பத்தாவது பிள்ளையின் படத்துக்கும் நாற்பதாவது பிள்ளையின் படத்துக்கும் வெளிச்சம் ஒன்றாக இராது.

அந்தப் படம் பிழைத்தால் நட்டம் யாருக்கு? ஸ்டூடியோக்காரர் "இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லிவிடுவார். தோட்டத்தில் இன்னொரு நாள் என்பது ஒரு நாட்சம்பளம். 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021 மார்ச் வரை எத்தனை ஆண்டுப் போராட்டம் நடந்தது என்பது செய்தி எழுதிய எங்களுக்குத் தெரியும். அப்படி வாங்கிய சம்பளத்தில் ஒரு நாளை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் மறுபடியும் டவுனுக்கு வர வேண்டும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் அடையாள அட்டைக்காக அலையும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். மலிவுப் பற்றரியில் ஸ்டூடியோக்காரர் மிச்சம் பிடித்த பணத்தை உண்மையில் கட்டுவது அந்தத் தாய்தான்.

படம் என்பது இந்த மக்களுக்கு வெறும் அலங்காரமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரின் விதி பிற்பாடு பேசிக்கொள்வதற்கு. பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களின் கையில் இருந்த கடவுச்சீட்டில் ஒட்டியிருந்ததே பல குடும்பங்களில் அந்தத் தலைமுறையின் ஒரே படம். எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை படங்கள்!

மறுபக்கத்தில், இதே மக்களை மற்றவர்கள் படமெடுப்பதற்கு விளக்கு ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை. புகழ்பெற்ற ஆங்கிலேயப் படக்கலைஞர் ஜூலியா மார்கிரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. களுத்துறையில் அவர் எடுத்த கூட்டத்துக்கு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதுதான் பெயர். 1890இல் அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தைத் தேயிலைப் பொதியில் அச்சடித்து உலகெங்கும் விற்றார். இன்று சோடிப் படத்துக்குப் பின்னால் கூடையோடு தெரியும் பெண்ணும் அந்த வரிசையில் வந்தவள்தான். மற்றவர் படத்தில் பின்னணியாக நிற்கும்போது விலையுயர்ந்த விளக்கு அவள்மீது விழுகிறது. அவளே காசு கொடுத்துத் தன் மகளின் சடங்குக்குப் படம் எடுக்கக் கேட்டால், "இது போதும்" என்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. உடலும் கிடைக்காமல், வீட்டிலிருந்த படமும் மண்ணோடு போனால் கருமாதிக்கு மாலை போடுவது எதற்கு? உயிர் தப்பியவர்களுக்கு அடையாள அட்டையும் பிறப்புப் பதிவும் மறுபடி வேண்டும். அதற்கு மறுபடி படம் வேண்டும். மின்சாரம் அறுந்த இடத்தில், அகதி முகாமாக மாறிய பாடசாலையில் அந்தப் படத்தை எடுக்க உதவுவது பற்றரி ஒன்றே. இதை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும் நம் படப்பிடிப்பாளர்கள்.

கடையில் முதலில் சந்திப்பது பெட்டியில் அச்சடித்த பொய். 20,000 மில்லி ஆம்பியர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை வோல்ட்டில் என்பது சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இராது. 3.7 வோல்ட்டில் அது 74 வாட்-மணி. வெறும் 7 ஆம்பியர்-மணி என்று எழுதிய 12 வோல்ட் ஈயப் பற்றரியோ 84 வாட்-மணி. ஆகவே ஆம்பியரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், வோல்ட்டால் பெருக்குங்கள். வந்த வாட்-மணியை 3,600ஆல் பெருக்கினால் யூல் வரும். பிளாஷில் எழுதியிருக்கும் வாட்-செக்கனும் யூலும் ஒன்றே. இரண்டையும் வகுத்தால் எத்தனை தடவை அடிக்கலாம் என்பதன் உச்சவரம்பு தெரியும். அதற்குமேல் எவனாவது வாக்களித்தால் அவன் இயற்கை விதியை மீறியவன்.

உதாரணத்துக்கு, கொடொக்ஸ் ஏடி600 என்ற, பற்றரியோடு வரும் பிளாஷை எடுத்துக்கொள்வோம். அதன் பற்றரி 11.1 வோல்ட், 8,700 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 96.6 வாட்-மணி, ஏறக்குறைய 348,000 யூல். முழுச் சக்தியில் 600 யூல் வீதம் 500 தடவை என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அது 300,000 யூல். புதிய பற்றரியில் நம்பக்கூடிய கணக்கு. இப்படிச் சரிபார்க்க முடியாத எண்ணைத் தரும் பொருளை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, உள்ளே இருக்கும் இரசாயனம் எது என்பது. ஈயப் பற்றரி மலிவு. பதுளையில் எங்கும் கிடைக்கும். முச்சக்கர வண்டிக்காரருக்குக்கூட அதன் குணம் தெரியும். ஆனால் கனம். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். பாதியோடு நிறுத்தி, பக்குவமாக வைத்தாலும் ஏறக்குறைய 400, 500 சுற்று. பாவித்த அன்றிரவே மின்னேற்றாமல் ஒரு மாதம் மூலையில் போட்டால், ஈயத் தகட்டில் சல்பேற்று படிந்து செத்துவிடும். நிக்கல்-கட்மியம் பழைய உழைப்பாளி. கட்மியம் நஞ்சு என்பதால் காலம் கடந்தது. கைபேசியிலும் பெரும்பாலான பற்றரிப் பிளாஷ்களிலும் இருக்கும் சாதாரண லிதியம்-அயன் கனம் குறைந்தது, சக்தி மிகுந்தது. ஆனால் 300 முதல் 500 சுற்றில் தளரத் தொடங்கும். முழுக்க மின்னேற்றி வெப்பத்தில் வைத்தால் அதற்கும் முந்தும்.

நான்காவது, லிதியம் இரும்புப் பொஸ்பேற்று. சூரிய மின்சாரம் பூட்டுபவர்களால் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஒரு கலம் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. எண்பது வீதம் வரை இறக்கினாலும் 2,000 சுற்றுக்கு மேல் தாங்கும். மற்ற லிதியம் வகைகளைவிடத் தீப்பற்றும் அபாயம் குறைவு. ஈயத்தைவிட விலை அதிகம் என்பது உண்மை. கிழமைக்கு மூன்று நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 150 சுற்று. ஈயம் மூன்று ஆண்டில் முடியும். சாதாரண லிதியமும் ஏறக்குறைய அவ்வளவே. இரும்புப் பொஸ்பேற்று பத்து ஆண்டை நெருங்கும். முதலில் கொடுக்கும் விலையை ஆண்டுகளால் வகுக்கத் தெரிந்தவனுக்கு எது மலிவு என்பது விளங்கும். தோட்டத்துக்கு மலிவானதே போதும் என்று சொல்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதேயில்லை.

ஏற்கெனவே ஸ்டூடியோவில் சுவர் மின்சாரத்தில் இயங்கும் பிளாஷ்கள் இரண்டு உள்ளவர் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி ஒன்று, தூய சைன் அலை இன்வெர்ட்டர் ஒன்று. 256 வாட்-மணியில் எண்பது வீதம் 205. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே மணிக்குப் பத்து வாட் தின்னும். ஐந்து மணி நேர விழாவுக்கு ஐம்பதைக் கழித்தால் 155. இன்வெர்ட்டரிலும் பிளாஷிலும் வெப்பமாகப் போவதைக் கழித்து அறுபது வீதம் என்று வைத்தால் 334,800 யூல். 400 யூல் வீதம் 830 தடவைக்கு மேல். இதே கணக்கை 18 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரிக்குப் போட்டால் 310 அளவில் நிற்கும். கனமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. மடுல்சீமை பஸ்ஸில் நின்றுகொண்டு போய், அங்கிருந்து மலையேறித் தூக்கிச் செல்பவனுக்கு மூன்று கிலோவுக்கும் ஆறு கிலோவுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சைன் அலை என்று சொல்லிச் சதுர அலை இன்வெர்ட்டரை விற்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஷின் மின்னேற்றும் சுற்றைக் கெடுக்கக்கூடியது அது. மற்றது, பி.எம்.எஸ். என்று கடைக்காரர் சொல்லும் பாதுகாப்புச் சுற்று. 400 யூல் பிளாஷ் மின்னேறும்போது 12 வோல்ட் பக்கத்தில் 30 ஆம்பியர் ஓடும். இருபது ஆம்பியரைத்தான் அந்தச் சுற்று அனுமதிக்கும் என்றால் நடுக் கல்யாணத்தில், தாலி ஏறும் நேரத்தில் பற்றரி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 40 அல்லது 50 ஆம்பியருக்குக் குறையாமல் கேளுங்கள். இரண்டு பிளாஷையும் ஒன்றாக அடிப்பதென்றால் அதற்கும் மேலே. அதற்கேற்ற தடித்த வயர், பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ். ஈயத்துக்கான பழைய சார்ஜரைக் கொண்டுவந்து இதில் பூட்ட வேண்டாம்.

மொடலிங் விளக்கையும் அணைத்துவிடுங்கள். 150 வாட் குமிழ் ஒரு மணி நேரம் எரிந்தால் 150 வாட்-மணி. மேலே மீதி என்று கணக்கிட்ட முழுவதையும் அதுவே குடித்துவிடும். பற்றரி பொய் என்று திட்டுபவர்களில் பாதிப்பேர் இந்தக் குமிழை எரியவிட்டவர்கள்.

மூன்றாவது கேள்விதான் நான் முக்கியமாகக் கேட்பது: இது பழுதானால் பதுளையில் திறக்க முடியுமா? எங்கள் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் ஒரு காலத்தில் கமராவின் பக்கவாட்டில் சுத்தியல்போல் பூட்டித் திரிந்த மெட்ஸ் 45 பிளாஷை நினைத்துப் பாருங்கள். அதன் மின்னேற்றும் பற்றரி செத்துப்போனால் ஆறு பேனாப் பற்றரியைத் தேநீர்க் கடையில் வாங்கிப் போட்டாலும் வேலை செய்யும். தேய்ந்துபோகும் உறுப்பை, வேலை நடக்கும் ஊரிலேயே மாற்ற முடிந்ததால்தான் அது முப்பது ஆண்டு உழைத்தது. இன்று பற்றரியை உள்ளேயே ஒட்டி மூடிய பிளாஷ்கள் வருகின்றன. மூன்றாம் ஆண்டில் பற்றரி தளர்ந்தால் பிளாஷே குப்பை. கழற்றக்கூடிய பற்றரி என்றாலும், அந்தக் கம்பனி அந்த மாதிரியை நிறுத்திவிட்டால் முடிந்தது கதை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதைக் கண்ட நாட்டில், வெளிநாட்டிலிருந்து மட்டுமே வரக்கூடிய ஒரு பற்றரியை நம்பித் தொழில் நடத்துவது எவ்வளவு துணிச்சல்!

நான் சொன்ன இரும்புப் பொஸ்பேற்று ஏற்பாட்டில் கலம் தனி, பாதுகாப்புச் சுற்று தனி, இன்வெர்ட்டர் தனி. எது பழுதோ அதை மட்டும், சூரிய மின்சாரம் பூட்டத் தெரிந்த ஒரு இளைஞனால் மாற்ற முடியும். அத்தகைய இளைஞர்கள் ஹாலிஎலையிலும் வெலிமடையிலும் இருக்கிறார்கள். ஆனால் பிளாஷின் உடலை மட்டும் அவர்களும் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள கொள்ளளவியில் தேங்கியிருக்கும் மின்சாரம் சுவிட்ச் அணைந்த பிறகும் ஆளைக் கொல்லும்.

பற்றரிப் பிளாஷைத்தான் வாங்குவேன் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. வயர் இல்லாத சுகம் பெரிது. பற்றரி கழற்றக்கூடியதாக, பல ஆண்டாகச் சந்தையில் உள்ள மாதிரியாகப் பார்த்து, பிளாஷோடு இரண்டு பற்றரி வாங்குங்கள். பெரிய பற்றரி ஒன்றைவிடச் சிறிய பற்றரி இரண்டு மேல். ஒன்று செத்தாலும் மணமக்கள் மேடையில் காத்திருக்க வேண்டியதில்லை.

"இவ்வளவும் செய்தால் தோட்டத்து ஆட்கள் அதற்கேற்ற காசு தருவார்களா?" என்பது கடைசி வாதம்; உண்மையில் மற்ற வாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பதும் இதுதான். தருகிறார்கள். மகளின் சடங்குக்குச் சீட்டுப் பிடித்து, நகையை அடகுவைத்துப் படத்துக்குக் காசு கொடுக்கும் மக்கள் அவர்கள். அந்த அல்பத்தைப் பெட்டியில் பூட்டி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுபவர்கள். கொழும்புச் சோடி தன் படங்களை ஒரு மாதத்தில் மறந்துவிடும். லயத்தில் மாட்டிய படம் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் தொங்கும். எந்த வாடிக்கையாளருக்கு நல்ல விளக்கு வேண்டும் என்பதை இதிலிருந்தே முடிவு செய்யலாம். கொடுக்கும் காசுக்குத் தரமான வேலையைக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை அவர்களும் உணர வேண்டும். "தம்பி, கரண்ட் போனா என்ன செய்வீங்க?" என்று முற்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். பதிலில் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

கனடாவிலும் லண்டனிலும் டுபாயிலும் சென்னையிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் படம் பிடிக்கும் தம்பிக்கோ மருமகனுக்கோ பரிசு கொண்டுவர நினைப்பவர்கள், தாம் பாவித்துத் தளர்ந்த பற்றரியைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். அதுவும் "ஊருக்கு இது போதும்" என்ற அதே நோய்தான். விமானத்தில் தனி லிதியம் பற்றரியைக் கைப்பையில் மட்டுமே கொண்டுவரலாம். 100 வாட்-மணிக்குள் என்றால் முன்அனுமதி தேவையில்லை. 160 வரை விமானக் கம்பனியின் அனுமதியோடு இரண்டு. அதற்குமேல் பயணப் பொதியில் இடமேயில்லை. மேலே சொன்ன 96.6 வாட்-மணிப் பற்றரி வரலாம். 256 வாட்-மணி வராது. ஆகவே பெரிய பற்றரிக்குப் பணமாக அனுப்பி, இங்கேயே உத்தரவாதத்தோடு வாங்கச் சொல்லுங்கள்.

பாடசாலை அதிபர்களும் ஆலய பரிபாலன சபைகளும் தொழிற்சங்கங்களும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு தோட்டத்துக்கோ ஒரு பாடசாலைக்கோ இப்படி ஒரு பற்றரியும் இன்வெர்ட்டரும் சொந்தமாக இருக்கட்டும். அடையாள அட்டை நடமாடும் சேவை வரும் நாளில் அங்கீகாரம் பெற்ற படப்பிடிப்பாளருக்கு அது கைகொடுக்கும். மாசியில் காமன் கூத்து இரவிலும் கைகொடுக்கும். மழை வந்து மலை சரிந்தால் வெளிச்சத்துக்கும் கைபேசிக்கும் அதுவே உதவும். மேடைக்கும் மாலைக்கும் சங்கங்கள் செலவழிப்பதில் சிறு பங்கு இதற்குப் போதும்.

இந்த ஒரு இடத்தில் மட்டும் "போதும்" என்ற சொல்லை நான் ஏற்றுக்கொள்கிறேன்.